2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டோம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மாணவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கினோம். தீபாவளி விருந்துக்கு மண்டபம் நிரம்பி, இலை போதாமல் போனது. அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மீதி அறிக்கையைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இனி, பினாங்கில் நம் சங்கம் இருக்கும் பழைய இரண்டு மாடிக் கடைவீட்டுக் கட்டட விஷயம். 2025 மார்ச் 28இல் மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயர்மாடி ஒன்று சரிந்தது. ஆகஸ்டு 24இல் நம் ஜொகூர் சிகாமட்டிலேயே 4.1. அன்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வேறு பேச்சே இல்லை. “நம்ம கட்டடம் தாங்குமா செயலாளரே?” என்று கேட்டவர்கள் பலர். கேட்டுவிட்டார்களே என்று செயலவை ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை வரவழைத்தது.

அவர் மாடியில் இரண்டு பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். உத்திரங்களின் நுனி நாலு விரற்கடை ஆழத்துக்குச் சுவருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆணி இல்லை, இரும்புப் பட்டை இல்லை. இரண்டு நுனியைக் கறையான் முடித்துவிட்டிருந்தது. கார்ச் சாவியால் செங்கல் இடுக்கைக் கீறினார். சுண்ணாம்புக் காரை மாவாகக் கொட்டியது. பிறகு அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதைக்கு, வெளியே போய் நின்று, கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முகப்புச் சுவரைக் காட்டி, “முதலில் விழுவது அதுதான்” என்றார். 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இப்படிப்பட்ட செங்கல் முகப்புகள்தாம் தெருவில் போனவர்கள்மேல் விழுந்தன.

மூன்று மதிப்பீடுகள் தந்தார். முதலாவது ஐந்திலக்கத்தில், கடைசி ஆறிலக்கத்தில். உடனே ஓர் உறுப்பினர், “ஒரே கட்டடத்துக்கு மூணு விலையா? இதில் யாருக்கு என்ன?” என்று புலனத்தில் எழுதினார். அவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் குறிப்பேட்டில் ஏறட்டும்.

நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் விலை இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வந்தால் போதுமென்றால், உத்திரங்களைச் சுவரோடு பிணைத்து, முகப்புச் சுவருக்குப் பின்னால் தாங்கல் கொடுத்தால் பெரும்பகுதி முடிந்தது; அதுதான் முதல் மதிப்பீடு. ஆட்டம் நின்ற மறுநாளே மண்டபத்தைத் திறக்க வேண்டுமென்றால் இரும்புச் சட்டகம், சுவருக்கு உள்பூச்சு, அடித்தளம் என்று போகும். அடித்தளத்தில் கை வைத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். நம் பக்கத்து மண் இளகிய மண். துளைபோட்டுப் பார்க்காமல் அதற்கு விலை சொல்ல மாட்டேன் என்றார் பொறியியலாளர். கீழ்த்தளத்தில் முன்பக்கம் முழுக்கக் கடை வாசல், சுவரே இல்லை. மேலே பாரம், கீழே திறப்பு என்பதும் செலவை ஏற்றுகிறது. பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீட்டாருக்கும் பொது. அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு துளைகூடப் போட முடியாது. பழைய வரைபடம் ஒன்றும் நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் சோதனைச் செலவு குறைந்திருக்கும்.

இதற்கு மேல் நாம் 2008இல் யுனெஸ்கோ அறிவித்த மரபுரிமைப் பகுதிக்குள் இருக்கிறோம். மாநகர் மன்ற அனுமதி வேண்டும், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனார் வேண்டும். முன்னொரு செயலவை நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவைத்திருக்கிறது. அதையும் உரிக்க வேண்டும். வேலை நடக்கும்போது கீழ்க்கடையை மூடினால் வாடகை போகும். பாதி பாதியாகச் செய்தால் வாடகை நிற்கும், ஆனால் கூலி கூடும்.

நமக்குச் சாதகமானது ஒன்று உண்டு. பினாங்கில் ஆட்டம் பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வருவது. 2012 ஏப்ரலில் அடுக்குமாடிக்காரர்கள் இறங்கி ஓடியது நினைவிருக்கும். தொலைவிலிருந்து வரும் மெதுவான அசைவு உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும். இரண்டு மாடிக் கடைவீட்டுக்கு, நிலநடுக்கம் மிகுந்த கலிபோர்னியா கணக்கில் இரும்பு போடத் தேவையில்லை. சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே செயலவை முதல் மதிப்பீட்டையே பரிந்துரைத்தது.

இனி வருத்தமான பகுதி. இவ்வகை வேலையில் இரும்பின் விலை சிறிது. அதை வைக்க உடைப்பதும், உடைத்ததைப் பழையபடி ஆக்குவதும், சாரம் கட்டுவதும்தான் பெரிது. ஒழுகும் கூரைக்காக அக்டோபரில் சாரம் கட்டி ஓடு பிரிக்க ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்தச் சாரத்திலேயே முகப்புச் சுவரைப் பிணைத்திருக்கலாம். கூடுதல் செலவுக்கு ஒப்புதல் பெறச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினோம். கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேரவில்லை. அரை மணி காத்திருந்தோம், தேநீர் ஆறியது, வந்திருந்தவர்களில் இருவருக்குச் சந்தா பாக்கி, ஆகவே வாக்கு இல்லை. மழைக்காலத்தில் கூரையைத் திறந்துபோட்டுக் காத்திருக்க முடியாது என்றார் குத்தகையாளர், அதில் நியாயம் இருந்தது. ஓடு வேய்ந்தார்கள், சாரத்தைக் கழற்றினார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது, வேலை இருந்திருக்கும். விருந்துக்கு மட்டும் வழி தெரிந்தது எப்படி என்று நான் கேட்கவில்லை.

மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) சந்தா. மூன்றாண்டு பாக்கி வைத்திருப்போர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் பெருந்தன்மையோடு தள்ளிவைத்திருக்கிறார். தற்போதைக்கு.

வரவு செலவைப் பொருளாளர் விவரிப்பார். கடை வாடகை கைகொடுத்தது, கூரை சேமிப்பைக் குறைத்தது, கட்டட நிதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்த பொறியியலாளருக்கும், பந்தலுக்குச் சர்க்கரை கொடுத்த வணிகர்களுக்கும், சமையல் பொறுப்பேற்ற மகளிர் பிரிவுக்கும், தணிக்கையாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் முகப்புக்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறது, அதற்கு மறுபடி சாரம் ஏறும். இந்த முறை விட்டால் அடுத்த சாரம் எப்போது என்று சொல்வதற்கில்லை. மாநகர் மன்றத்துக்கான விண்ணப்பம் தயார். இந்தக் கூட்டத்தின் தீர்மானம் ஒன்றுதான் குறை. அடுத்த தவணைக்குச் செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்க நான் தயார். யாரும் வராவிட்டால், தீர்மானத்தையாவது நிறைவேற்றித் தாருங்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சந்தா கட்டிவிட்டு வந்தால் வாக்கெடுப்பைத் தொடங்கலாம்.

இவண்,
செயலாளர்