பாதிச் சாலையில் ஐந்து பேர்

அன்புத் தம்பிக்கு,

இந்த ஆடி சைக்கிள் பந்தயத்தில் நான் ஓட்டப் போவதில்லை. அணியில் என் இடத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீ கேட்கவில்லை, தெரியும். சைக்கிளைப் பரண்மேல் ஏற்றிவிட்டாய் என்றும் காதில் விழுந்தது. போன வருஷம் பக்கக் காற்றில் நீ கூட்டத்திலிருந்து கழன்றுபோனதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் நடந்தது என்பதைத்தான் நீ இன்னும் தப்பாகவே வைத்திருக்கிறாய்.

உன் கால் ஓயவில்லை. திருவாரூரிலிருந்து நாகைக்குச் சாலை கிழக்கே போகிறது, மேல்காற்று முதுகில். 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனைப் பின்னாலிருந்து 20 கிலோமீட்டர் காற்று தள்ளினால் நெஞ்சில் படுவது வெறும் 16. கீவளூர் வரை எல்லாரும் கதை பேசிக்கொண்டே வந்தது அதனால்தான். நாகையில் தெற்கே திரும்பினால் அதே காற்று வலது தோளில். 36-ம் 20-ம் செங்கோணத்தில் சேர்ந்தால் 41. வலப்பக்கம் சுமார் 29 பாகை சாய்ந்து அடிக்கும். அதே வேகத்தில் போக, காற்றை எதிர்த்துக் கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய ஆறு மடங்கு. காற்றின் வேகம் ஏறவில்லை, சாலைதான் திரும்பியது. ஆகவே திருப்பத்துக்கு 2 கிலோமீட்டர் முன்பே முதல் பத்துப் பேருக்குள் நுழைந்துவிட வேண்டும். நீ அந்த நேரத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டு கடைசியில் வந்தாய்.

பக்கக் காற்றில் ஒருவர் பின்னால் நேராக ஒட்டிக்கொண்டால் மறைவு கிடைக்காது. காற்று வலமிருந்து வந்தால், முன்னவரின் பின்சக்கரத்துக்கு இடப்பக்கம் உன் முன்சக்கரம் நிற்க வேண்டும். அடுத்தவர் உனக்கு இடப்பக்கம். இந்தச் சாய்ந்த வரிசையைத்தான் எஷலான் என்கிறார்கள். முன்னால் இழுப்பவர் 15, 20 நொடியில் காற்று வரும் பக்கமாக, அதாவது வலப்புறம் விலகிப் பின்வர வேண்டும்; அப்போது அப்படிப் பின்னுக்கு இறங்குகிறவர்கள், முன்னுக்கு ஏறி வருகிறவர்களுக்கு மறைப்பாக இருப்பார்கள். இடப்பக்கம் விலகினால் அடுத்தவன் சக்கரத்தில் இடித்து மொத்தமும் சரியும். முன்னுக்கு வந்ததும் பலத்தைக் காட்டி வேகத்தை ஏற்றுகிறவனும் வரிசையைக் கிழிக்கிறவன்தான்.

இனி நீ கேட்கப் பிடிக்காத கணக்கு. வண்டி ஓடுகிற சாலையில் நமக்குப் பாதிதான். தார் 7 மீட்டர் என்றால் நமக்கு மூன்றரை. ஆளுக்கு 70 சென்டிமீட்டர். ஐந்து பேர். ஆறாவது ஆளுக்குச் சாய்ந்து நிற்க இடம் இல்லை. தார் விளிம்பில், ஐந்தாமவன் முதுகுக்கு நேர் பின்னால், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

போன வருஷம் அந்த ஐந்தாவது ஆள் நான். வேளாங்கண்ணி தாண்டி, வெள்ளையாற்றுப் பாலத்தில் காற்று திறந்து அடித்தபோது இடக்கண் ஓரத்தில் உன் முன்சக்கரம் தெரிந்தது. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் உயரப் படி, சீமைக்கருவேல முள் வந்து ஒதுங்குகிற இடம். “அண்ணே, கொஞ்சம்” என்றாய். வலப்பக்கம் நகர்ந்தால் நான்காமவனின் மறைவிலிருந்து நான் வெளியே போய்விடுவேன். நகரவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. அந்த இடம் மறுபடி வந்தாலும் நகர மாட்டேன்.

2013 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 13-ஆம் கட்டத்தை வீடியோவில் போட்டுப் பார். பெரிய மலை எதுவும் இல்லாத சாலை. மொத்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த வால்வெர்டேவின் சக்கரம் பழுதாகி நின்றது. அணிக்காரர்கள் காத்திருந்து இழுத்தும் பக்கக் காற்றில் அந்த இடைவெளி மூடவில்லை. கிட்டத்தட்ட 10 நிமிடம் போயிற்று. அவரோடு நின்ற அணிக்காரர் ரூயி கோஸ்டாவும் முதல் பத்திலிருந்து இறங்கினார். காத்திருப்பது எப்போதும் உதவி ஆகாது.

முதலில் வேகத்தைக் கூட்டியது யார் என்று கேட்டு அனுப்பியிருந்தாய். நாலு பேர் வாசிக்கிற கடிதத்தில் அந்தப் பெயர் வராது. விதிக்கு உட்பட்டுத்தான் செய்தார், அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து “அண்ணன் கழற்றிவிட்டார்” என்று சொன்னாயே, அதற்கு நீ என்னிடம் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறாய். உன் கிளீட்டை, ஷூவைப் பெடலில் பூட்டுகிற அந்தக் கட்டையை, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சரிபார்த்தது யார்?

விடு. ஆறாவதாக மாட்டினால் விளிம்பில் தொங்காதே. உடனே கை காட்டிப் பின்னால் வருகிறவர்களில் நாலு பேரைச் சேர்த்து இரண்டாவது வரிசை தொடங்கு. 36-இல் போகும் கூட்டம் நொடிக்கு 10 மீட்டர் போய்விடும். யோசிக்க நேரம் கிடையாது. உனக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் தலை குனிந்து வந்தவர்களும் அழைப்புக்காகத்தான் காத்திருந்தார்கள். உன்னிடம் அதற்கான பலம் இருந்தது. என்னைவிட அதிகமாகவே.

தென்னந்தோப்பு மறைக்கும் என்று நம்பாதே. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் பழைய மறைவு எத்தனையோ இடத்தில் இல்லை. சவுக்குத் தோப்பு முடிகிற இடம் இன்னும் மோசம்: உள்ளே நிமிர்ந்து ஓட்டிவிட்டு வெளியே வந்ததும் ஒரு தள்ளு தள்ளும். எதிரே பஸ் வந்தாலும் அப்படித்தான்; ஒரு கணம் காற்று நின்று, மறுகணம் அறையும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடி, முழங்கை மடங்கியே இருக்கட்டும். கையை விறைத்தால் ஹேண்டில்பார் காற்றின் பேச்சைத்தான் கேட்கும். பிற்பகலில் கடல்காற்று எழுகிற நாளில் எல்லாம் இடம் வலமாக மாறும். அதையும் கொடிக்கம்பங்களைப் பார்த்துக் கண்டுபிடி.

உன் 50 மில்லிமீட்டர் உயர ரிம்மைப் பின்னால் வைத்துக்கொள். முன்னால் வேண்டாம்; காற்று முட்டித் திசையைத் திருப்புவது முன்சக்கரத்தில்தான். உன் 70 கிலோ எடைக்கு 28 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தம் 70, 75 பிஎஸ்ஐ போதும். 100 அடித்தால் விளிம்பு மணலில் வழுக்கும்.

என் 30 மில்லிமீட்டர் முன்சக்கரம் வீட்டில் சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள். வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு, பட்டியலில் வேறு பெயர் எழுத வேண்டும்.

அண்ணன்