கோழி இறகைக் கொத்துதுன்னு அலகை வெட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க கன்னங்குறிச்சி பக்கம் இப்ப நிறைய வீட்ல நாலஞ்சு கோழியாவது இருக்கு, மொட்டை மாடியில கம்பி வலை அடிச்சு வளக்கறவங்களும் அதிகமாயிட்டாங்க, சந்தோஷம்தான். ஆனா முதுகுலயும் வால் பக்கமும் இறகே இல்லாம தோல் செவந்து நிக்கற கோழிங்களும் நிறைய கண்ணுல படுதுங்க. ஒண்ணை ஒண்ணு கொத்தி இறகைப் பிடுங்கித் திங்குது. இதுக்கு அக்கம்பக்கத்துல சொல்ற வழி, கொத்தறதோட அலகை வெட்டி விடு, இல்லன்னா கறிக்கு அடிச்சிரு. ரெண்டும் தப்புன்னு சொல்லத்தான் எழுதறேன்.

பெரிய பண்ணைங்கள்ல குஞ்சா இருக்கும்போதே அதுக்குன்னு இருக்கற மெஷின்ல அலகு நுனியை எடுக்கறாங்க, அது வேற. வீட்ல நெயில் கட்டரை எடுத்து வளந்த கோழிக்கு வெட்டறது கொடுமைங்க, அலகுக்குள்ள நரம்பும் ரத்தமும் ஓடுது, வெட்டினா வலியில தீனியே எடுக்காது.

முதல்ல பாக்க வேண்டியது தீனியை. இறகுங்கறது முக்காவாசிக்கு மேல புரதம். முட்டை போடற கோழிக்கு தீனியில 16லருந்து 18 சதவீதம் புரதம் வேணும், நாம போடறது ரேஷன் அரிசி, மீந்த சோறு, மக்காச்சோளம், சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி பக்கத்துல இருக்கறவங்க கிழங்கு திப்பி, அதாவது மரவள்ளிக்கிழங்குல மாவு எடுத்த பிறகு மீதியாகற சக்கை. எல்லாமே மாவுச்சத்து. அரிசியில 7, 8 சதவீதம்தான் புரதம், திப்பியில அதுவும் கிடையாது. வயிறு ரொம்பினாலும் உடம்புக்குப் பத்தாம பக்கத்து கோழியோட இறகை இழுக்குது. அதுவும் புதுசா முளைக்கற இறகோட குருத்துல ரத்தம் இருக்கும், அதைக் கொத்தி ஒரு சொட்டு வெளிய வந்துட்டா போதும், எல்லாம் ஓடி வந்து அதே எடத்துல கொத்தும்.

லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழிக்குன்னே கடையில விக்கற தீவனம் வாங்க முடிஞ்சா நல்லது, முடியாதவங்க கடலைப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத்தூள் கொஞ்சம் கலந்து போடலாம், ஆனா பூஞ்சை புடிச்ச புண்ணாக்கை மட்டும் தொடாதீங்க, கோழி ஈரல் கெட்டுடும். நம்ம பாட்டிங்க பழைய பானையில சாணி, வைக்கோல், கோணித்துணி போட்டு தண்ணி தெளிச்சு சாயங்காலம் கவுத்து வெச்சு காலையில கரையான் எடுத்துப் போடுவாங்களே, அதை விட நல்ல புரதம் எதுங்க?

அடுத்தது எடம். கூண்டுக்குள்ள ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளிய மேய 10 சதுர அடியாவது விடணும். சித்திரை வெயில்ல தகர ஷீட்டுக்கு கீழ அடைச்சு வெச்சா கொத்தாம என்ன பண்ணும், மேல ஓலை போடுங்க. ஏற்காட்டுல மழைன்னு நாள் முழுக்க அடைக்கறவங்க கீரைக்கட்டோ முட்டைக்கோஸ் இலையோ கயித்துல கட்டித் தொங்கவிட்டா அதைக் கொத்திட்டு இருக்கும். புரள்றதுக்கு மண்ணும் அடுப்புச் சாம்பலும் ஒரு மூலையில வேணும். ராத்திரி டார்ச் அடிச்சு கூண்டு கட்டை இடுக்குல செள்ளு (கோழி ரத்தம் உறிஞ்சற குட்டிப் பூச்சி) இருக்கான்னும் பாருங்க, அரிப்பு தாங்காம தன் இறகையே பிடுங்கற கோழியும் உண்டு.

காயம்பட்டதை உடனே பிரிச்சு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் போட்டு ஆற வெச்சுத்தான் திரும்ப விடணும். கொத்தறதையும் சில நாள் தனியா வைங்க, திரும்பி வரும்போது அதோட அதிகாரம் கொறைஞ்சிருக்கும்.

அரசு திட்டத்துல பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு குடுக்கறப்ப இதையெல்லாம் ஒரு பக்க நோட்டீஸா அடிச்சு கையில குடுத்தா எவ்வளவோ கோழி பிழைக்கும். உங்க விவசாயப் பக்கத்துலயும் கால்நடை டாக்டர் யாரையாவது கேட்டு விவரமா போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.