பெபிள்டாஷ் சுவரைப் பெயின்ட் அடித்து மூட வேண்டாம்

ஆசிரியருக்கு,

வெளிச்சுவர் பெபிள்டாஷில், அதாவது ஈரச் சாந்தில் கூழாங்கல் எறிந்து ஒட்டிய பூச்சில், ஈரம் ஊறினால் நீர்புகாப் பெயின்ட் இரண்டு தரம் அடித்துவிட்டால் போதும் என்று உங்கள் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். லண்டனில் ஹரோ, வெம்பிளி, மிட்சம் பக்கங்களில் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் இரட்டை வீடுகளில் பல 1920களிலும் 30களிலும் கட்டியவை. முகப்பின் மேல்பாதிக்காவது கூழாங்கல் எறிந்த பூச்சு இருக்கும். அந்த யோசனையைக் கேட்டு நடந்தால் இத்தனை காலம் நின்ற பூச்சு சில குளிர்காலத்திலேயே கழன்று விழக்கூடும்.

காரணம் எளிது. மயிரிழை வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்; பெயின்ட் தோல் அதை வெளியே ஆவியாக விடாது. பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவே தேங்கிய ஈரம் உறைந்து பருக்கும்போது பூச்சு சுவரை விட்டு விலகும். வெளியே பார்த்தால் சுவர் புதுசுபோல இருக்கும். உள் அறையில்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல தரம் அது பூச்சின் குற்றமே அல்ல. கூரைப் பீலி அடைத்து வழிவது, ஜன்னல் விளிம்பு இளகியது, தமிழ்த் தொலைக்காட்சிக்காக டிஷ் பூட்டிக் கழற்றிய துளைகளை அப்படியே விட்டது, இவைதான் வழக்கமான வழிகள். நிலத்தோடு ஒட்டி ஈரமென்றால், முற்றத்துக்குக் கல் பதித்தபோது தரையை உயர்த்தி, மண்ணின் ஈரம் ஏறாமல் சுவரடியில் வைத்த ஈரந்தடுப்பு வரியைத் தாண்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அந்த வரிக்கும் வெளித்தரைக்கும் இடையே 150 மி.மீ. இருக்க வேண்டும். பூச்சும் அந்த வரிக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். கீழே இறங்கினால் மண்ணின் ஈரம் அதில் ஏறிவரும்.

வெடிப்பின் போக்கையும் கவனியுங்கள். ஏறக்குறைய 450 மி.மீ.க்கு ஒன்றாகக் கிடையாக வெடிப்புகள் ஓடினால், நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவரை இணைக்கும் இரும்புப் பட்டைகள் கறள் பிடித்து வீங்குகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மேல் எந்தப் பூச்சு பூசினாலும் காசு வீண். முதலில் சுவரைச் சோதிப்பிக்க வேண்டும்.

பிறகு மேசன் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். உள்ளங்கை அளவு, வெடிப்பில்லை என்றால் தொடவேண்டாம். அதைவிடப் பெரிதென்றாலோ வெடித்திருந்தாலோ உறுதியான விளிம்புவரை சதுரமாக வெட்டி எடுத்து, விளிம்பை உட்சரிவாகச் செதுக்க வேண்டும். தூசியைத் தட்டி, செங்கலை நனைத்து, தண்ணீர் மினுக்கம் போனபிறகே பூச வேண்டும். காய்ந்த செங்கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் சாந்து இறுகாமல் பொடியாகும்.

சாந்துதான் பலரும் பிழைவிடும் இடம். சீமெந்து கூடினால் பலம் கூடும் என்று ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் (1:3) கலக்கிறார்கள். காயும்போது அது அதிகம் சுருங்கும். மேல்படை அடிப்படையைவிட (முதலில் பூசும் அடிப் படையைவிட) பலமாக இருந்தால் அடியையும் பிய்த்துக்கொண்டு வரும். சாதாரண கடினச் செங்கலுக்கு அடிப்படை சீமெந்து 1, நீற்றுச் சுண்ணாம்பு அரை, கழுவிய மணல் 4½. கல் ஒட்டும் மேல்படை அதே வரிசையில் 1:1:5. செங்கல் மென்மையென்றால் இரண்டுக்கும் 1:1:6. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய ஒற்றைச் சுவரில் சீமெந்தே வேண்டாம், நீரில் இறுகும் சுண்ணாம்பு போதும்.

அடிப்படையை ஏறக்குறைய 10 மி.மீ. தடிப்பில் பூசி, இளகியிருக்கும்போதே சீப்பால் அலைக்கோடு கீறுங்கள். சில நாள் காயவிட்டு, குளிரென்றால் ஒரு வாரம் விட்டு, மேல்படை 8 மி.மீ. அளவில் ஏற்றுங்கள். 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாளிலும், மழை வரப்போகும் நாளிலும், சுவரில் வெயில் நேரே விழும் நேரத்திலும் வேலையைத் தொடங்கக்கூடாது. மூலைக்கும் கீழ்விளிம்புக்கும் வைக்கும் சட்டங்கள் துருப்பிடியா உருக்கு அல்லது பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

கல் 6–10 மி.மீ. சிறுசரளை அல்லது ஸ்பார் எனும் உடைத்த பளபளப்புக் கல். கழுவி, வடியவிட்டு, ஈரமாக வைத்திருக்க வேண்டும். தூசி ஒட்டிய கல் சாந்தில் பிடிக்காது. சதுர மீட்டருக்கு 10 முதல் 12 கிலோ சுவரில் நிற்கும், எறியும்போது விழுவதைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். கீழே சுத்தமான விரிப்பு போட்டால் விழுந்ததை அரித்து, கழுவித் திரும்ப எறியலாம். சாந்தின் மேல் தோல் பிடிக்கத் தொடங்கினால் கல் துள்ளி விழும், அல்லது ஒட்டினமாதிரி நின்று முதல் உறைபனிக்கே உதிரும். அதனால்தான் ஒருவர் பூச, மற்றவர் பின்னாலேயே எறிய வேண்டும். தனியாளாக வந்து முழு முகப்புக்கும் விலை பேசுகிறவரை நம்பாதீர்கள். எறிந்தபின் மரத் தேய்ப்புப் பலகையால் மெல்லத் தட்டினால் கல் பாதியளவு பதியும். அழுத்தித் தேய்த்தால் சாந்து பிதுங்கிக் கல்லின் முகத்தை மூடிவிடும். ஒரு பக்கச் சுவரை ஒரே நாளில் மேலிருந்து கீழாக முடியுங்கள். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் நிறுத்துங்கள், அங்கே தையல் தெரியாது.

ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்றுதான் தெரியும். விழுந்த பழைய துண்டைக் கல் விற்கும் கடைக்குக் கொண்டுபோய் நிறம் பொருத்துங்கள். சாந்தின் நிறமும் முக்கியம்: கல்லிடுக்கில் வெண்சீமெந்து தெரியும் சுவரில் சாம்பல் சீமெந்து அழுக்காகத் தெரியும்.

வடக்குச் சுவரில் பச்சைப் பாசி படிந்தால் உயரழுத்தத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். அது கல்லையும் கழற்றும், வெடிப்புக்குள் தண்ணீரையும் தள்ளும். பாசிக்கொல்லியைத் தெளித்து, சில நாள் விட்டு, மென்தூரிகையால் தேய்த்தாலே போதும். ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவரானால் மறுபடி அடிக்கும்போது ஈரத்தை வெளியேவிடும் சிலிகேட் வகையை ஏற்குமா என்று கேளுங்கள். சமமான சுவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெயின்ட் குடிக்கும்.

முழுவதையும் உடைத்தெடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பூச்சோடு செங்கலின் முகமும் பெயர்ந்துவரும், பிறகு வெறும் செங்கலாக விடவே முடியாது. இங்கிலாந்தில் ஒரு சுவரின் பாதிக்கு மேலோ, வீட்டு வெளியுறையின் 25 சதவீதத்துக்கு மேலோ பூச்சைப் புதுப்பித்தால் வெப்பக்காப்பு விதிகள் பொருந்தும். கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். பழைய தோற்றத்தைக் காக்கக் கவுன்சில் அறிவித்த பாதுகாப்புப் பகுதியில் (conservation area), பூச்சில்லாத வீட்டுக்குப் புதிதாகக் கல் எறியவும் அனுமதி வேண்டும். எந்த வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று சொல்லும் 2015ஆம் ஆண்டு ஆணையின் விலக்குகளில் பெபிள்டாஷ் என்று பெயர் சொல்லியே இருக்கிறது.

இப்படிக்கு,
வெளிப்பூச்சு மேசன்மார் இருவர்,
ஹரோ