நாலாம் இலக்க வீடும் இருபத்திரண்டாயிரம் டாலரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலை நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சீன நம்பிக்கைகளுக்கு மாறி வருகிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. கனடாவின் மார்க்கம் நகரில், சீனக் குடும்பங்கள் நிறைந்த தெருவில் குடியிருக்கிறேன். கட்டுரையில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. வெள்ளைக்காரர்கள் அந்த வழக்கங்களுக்கு இடம் கொடுப்பது உண்மை. ஆனால் அதற்குப் பெயர் நம்பிக்கையா?

சீன மொழியில் நாலு என்ற சொல் சாவு போல ஒலிப்பதால் அது ஆகாத எண், எட்டு செல்வம் சேர்வது போல ஒலிப்பதால் ராசியான எண். பக்கத்து ஊரான ரிச்மண்ட் ஹில்லில், புது வீடுகளுக்கு 4 என்ற இலக்கம் கொடுப்பதில்லை என்று 2013இல் நகரசபையே முடிவெடுத்தது. சபையினர் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நாலுக்குப் பயந்துவிட்டார்களா என்ன? வீடு விலை போகாதே என்ற கவலைதான். வான்கூவர் வீட்டு விற்பனையை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சீனர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், 4இல் முடியும் இலக்கமுள்ள வீடு 2.2 சதவீதம் குறைவாகவும், 8இல் முடிவது 2.5 சதவீதம் கூடுதலாகவும் விலை போயிருக்கிறது. பத்து லட்சம் டாலர் வீட்டில் 2.2 சதவீதம் என்றால் 22,000 டாலர். அவ்வளவு பணம் போகும் என்றால் நாத்திகனும் நாலைத் தவிர்ப்பான்.

எங்கள் தெருவில் ஓர் இத்தாலியப் பெரியவர் வீட்டை விற்கப் போனார். சீனர்கள் விரும்பி வாங்க வேண்டுமே என்று வீட்டு முகவர் சொன்னதைக் கேட்டு, வாசலுக்கு நேரே இருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றினார், கதவுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார், வீட்டு இலக்கத்தை மாற்ற முடியுமா என்றும் விசாரித்தார். அவருடைய காரில் மட்டும் கண் திருஷ்டிக்கு அவர்கள் ஊரில் கட்டும் சிவப்புக் கொம்பு இன்றும் தொங்குகிறது. அதை யாருக்கும் விற்க வேண்டியதில்லையே!

லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்ட் என்ற சூதாட்ட ஹோட்டலின் கதையும் இதுதான். 1993இல் திறந்தபோது, பெரிய சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். சிங்கத்தின் வாயில் போய் விழுவதா என்று சீன விருந்தினர்கள் ஒதுங்கினார்கள். சில வருடங்களில் வாயை எடுத்துவிட்டார்கள்.

வியாபாரம் இல்லாத இடத்தில் இந்த ஞானம் காணாமல் போய்விடும். 2015இல் பிரிட்டிஷ் அமைச்சர் சூசன் கிரேமர், தைவான் தலைநகர் தைபேயின் மேயருக்குப் பாக்கெட் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். கடிகாரம் கொடுப்பது சாவுக்கு வழியனுப்புவது போல என்று அங்கே கருதுவார்கள். அது அவருக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் வருத்தம் தெரிவித்தார்.

கல்யாணம் கட்டி வந்தவர்கள் விஷயம் வேறு. எதிர்வீட்டு ஐரிஷ் மருமகன் சீனப் புத்தாண்டன்று துடைப்பத்தைத் தொடமாட்டார், அதிர்ஷ்டத்தைப் பெருக்கித் தள்ளிவிடுவோமாம். முதலில் மாமியாருக்குப் பயந்து செய்திருப்பார். இப்போது மாமியார் ஊரில் இல்லாதபோதும் தொடுவதில்லை. கட்டுரையாளர் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பேசியிருந்தால் எழுத நிறையக் கிடைத்திருக்கும்.

இந்த விட்டுக்கொடுப்புக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும் என் கருத்து. அடுக்குமாடிக் கட்டடத்தில் 4, 13, 14 மூன்றையும் விட்டுவிட்டு எண்ணினால், லிஃப்டில் 15 என்று காட்டும் மாடி உண்மையில் 12ஆவது. தீயணைப்பு வீரருக்கு இது விளையாட்டல்ல. மாடி எண்களைத் தாண்டக் கூடாது என்று வான்கூவர் நகரம் 2015இல் உத்தரவிட்டது. சீனர்களின் 4 மட்டுமல்ல, மேலை நாட்டார் ராசியில்லை என்று ஒதுக்கும் 13உம் திரும்பி வந்தது. ரிச்மண்ட் ஹில்லைவிட இதுவே எனக்குப் பிடித்த முடிவு.

கடைசியாக ஒன்று. உங்கள் இதழின் விளம்பரப் பக்கங்களில் ‘இலக்கம் 8’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் நம் தமிழ் முகவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் சீனர்களின் வாஸ்துவான ஃபெங்ஷுயியை நம்புகிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
மார்க்கம் வாசகர் ஒருவர்