விலை இறங்கப்போவதை மறைத்து விற்ற கிராபிக்ஸ் கார்ட் பற்றிய முறைப்பாடு

கொக்குவில், யாழ்ப்பாணம்
03.04.2024

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
தலைமை அலுவலகம், கொழும்பு.

வணக்கம்,

கடந்த டிசம்பர் 23ஆம் திகதி உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் 268,500 ரூபா கொடுத்து என்விடியா கொம்பனியின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்ட் (கொம்பியூட்டரில் படம், வீடியோ வேலைகளைச் செய்கிற பாகம்) ஒன்று வாங்கினேன். கார்டில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளைக்கு நான் போன் எடுத்த மூன்று தடவையும் "கார்ட் வேலை செய்யுதுதானே, பிறகென்ன பிரச்சினை" என்றுதான் கேட்டார்கள். பிரச்சினை அதை எனக்கு விற்ற விதத்தில். கிளையில் "விலை எல்லாம் கொழும்பில்தான் முடிவு செய்வது" என்று சொன்னபடியால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். அதுவரை என்னிடம் இருந்தது 6 ஜிபி மெமரி உள்ள 1660 சுப்பர் என்ற பழைய கார்ட். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறி, கார்ட் போட்டு அந்த நாணயத்தை உழைத்தவர்கள் (மைனிங் செய்தவர்கள்) எல்லாரும் ஒரேயடியாகக் கையை விட்டபோது சந்தைக்கு வந்த பழைய கார்டுகளில் ஒன்று அது. இரண்டாம் கையாக வாங்கினாலும் ஒரு வருசம் நன்றாகவே உழைத்தது. ஆனால் இப்போது எல்லாரும் 4கே கேட்கிறார்கள், இரவில் எடுத்த காட்சியில் புள்ளி புள்ளியாக வரும் நொய்ஸைக் குறைக்கப் போனால் கார்டின் மெமரி நிறைந்துவிட்டது என்று டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் அப்படியே நின்றுவிடும். தை மாதத்துக்கு ஏழு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் என் சேமிப்போடு அம்மாவின் சீட்டுக்காசையும் வாங்கிக்கொண்டுதான் உங்கள் கடைக்கு வந்தேன். கனடாவில் இருக்கும் சித்தப்பா, தான் வரும்போது ஒன்று கொண்டுவரட்டா என்று கேட்டவர். வேண்டாம், இங்கே வாங்கினால் மூன்று வருச வாரண்டி இருக்கு, ஏதும் என்றால் கடைக்குப் போய்க் கதைக்கலாம் என்று சொன்னது நான்தான்.

அன்றைக்கு நடந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் முறைப்பாடே அதில்தான் இருக்கிறது.

4070 என்பது 4000 சீரிஸ் கார்ட், அதற்கு அடுத்த தலைமுறைதான் 5000 சீரிஸ். சுப்பர் என்பது ஒரு தலைமுறையின் நடுவில் அதே கார்டை வேகமாக்கி விடும் மொடல். காசு கட்டுவதற்கு முன் நான் விற்பனையாளரிடம் நேரே கேட்டேன்: "யூடியூப்பிலை எல்லாம் சுப்பர் மொடல் வருது எண்டு கதைக்கிறாங்கள், அடுத்த மாசம் வந்தா இதின்ரை விலை இறங்குமா?" அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "அது சும்மா வதந்தி அண்ணா. 5000 சீரிஸ் வர இன்னும் ஒரு வருசமாவது கிடக்கு. அப்பிடி ஏதும் வந்தாலும் இலங்கைக்கு வர ஆறு மாசம் எடுக்கும். ஜனவரியிலை வற் 18 ஆகுது, பிறகு இந்த விலைக்கு எடுக்கேலாது." ஸ்டாக்கில் இரண்டுதான் மிச்சம் என்றும் சொன்னார்.

இதில் வற் வரி பற்றிச் சொன்னது உண்மை, ஜனவரி 1இல் அது 15 வீதத்திலிருந்து 18 வீதமாகத்தான் போனது. 5000 சீரிஸ் பற்றிச் சொன்னதிலும் குறை பிடிக்கமாட்டேன். என்விடியா 2018, 2020, 2022 என்று இரண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் புதுத் தலைமுறை விடுகிறது. ஆனால் நடுவில் சுப்பர் என்று ஒன்று விடுவதும் புதிது இல்லை, 2018இல் வந்த 2070க்கு 2019 ஜூலையிலேயே 2070 சுப்பர் வந்தது. கொம்பியூட்டர் பாகங்களையே விற்றுப் பிழைக்கும் கொம்பனிக்கு இது தெரியாமல் இருக்காது. நான் கேட்டதும் சுப்பர் பற்றித்தான். அதற்கு வதந்தி என்று பதில் வந்தது.

சரியாகப் பதினாறாவது நாள், ஜனவரி 8ஆம் திகதி, என்விடியா அறிவித்தது. 4070 சுப்பர் 599 டொலர். 2023 ஏப்ரலில் 4070 வந்தபோது அதற்குப் போட்ட அதே விலை. மெமரி அதே 12 ஜிபி, ஆனால் கார்டுக்குள் கணக்குப் போடும் கூடாக் கோர் 5,888 இருந்த இடத்தில் 7,168. சாதா 4070இன் விலை 549 டொலராகக் குறைக்கப்பட்டது. ஜனவரி 10ஆம் திகதியே உங்கள் கொம்பனியின் பேஸ்புக் பக்கத்தில் 4070 சுப்பருக்கு முற்பதிவு தொடங்கியாயிற்று. இரண்டு நாளில். ஆறு மாசம் எடுக்கும் என்ற சாமான் பெப்ரவரி இரண்டாம் கிழமை யாழ்ப்பாணக் கிளையின் ஷோகேஸில் இருந்தது, நானே போய்ப் பார்த்தேன்.

மார்கழியில் எங்கள் பக்கம் கலியாணம் வைப்பதில்லை என்று உங்கள் கிளையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கு அந்த மாதம் முழுக்க வேலை இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன், தையில் முதல் இரண்டு கலியாணத்தையும் சிறிய புரொக்சி பைல் (வீடியோவின் தரம் குறைத்த பிரதி) வைத்துப் பழைய கார்டிலேயே ஒப்பேற்றியிருப்பேன், முன்னரும் அப்படிச் செய்தவன்தான். "வரலாம், எங்களுக்கும் சரியாகத் தெரியாது" என்று அவர் சொல்லியிருந்தால்கூட இன்று இந்தக் கடிதம் இல்லை, முடிவு என்னுடையதாக இருந்திருக்கும்.

ஜனவரி 11ஆம் திகதி கிளைக்குப் போன் எடுத்தேன். பெட்டியோடு, பில்லோடு, எல்லாம் புதிதாகவே இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொண்டு சுப்பர் வந்ததும் அதைத் தாருங்கள், நியாயமான வித்தியாசம் தருகிறேன் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். சரி, 4070இன் விலை உலகம் முழுக்க 50 டொலர் குறைந்துவிட்டதே, அதையாவது கழித்துத் தாருங்கள் என்றேன். "அது பழைய ஸ்டாக், பழைய விலைக்கு எடுத்தது, குறைக்கேலாது" என்றார்கள். அந்தக் கிழமையில் அதே கார்ட் உங்கள் பக்கத்தில் 284,000 ரூபா. வரியைக் காட்டி ஏற்றிய விலை. அதுவும் பழைய விலைக்கு எடுத்த பழைய ஸ்டாக்தானே? ஏற்றும்போது மட்டும் அது எப்படிப் புது விலைக்குப் பொருந்தியது?

இந்த இடத்தில் 2022ஐயும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அப்போது ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். 2021 ஜனவரியில் 329 டொலருக்கு அறிவித்த கார்ட் அது, மைனிங்காரர் அள்ளிக்கொண்டு போனதால் அந்த விலைக்கு உலகத்தில் ஒரு கடையிலும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, அதை நான் உங்கள் பிழை என்று சொல்லவில்லை. உங்கள் கிளையில் 2022 பெப்ரவரியில் அது 185,000 ரூபா. பெட்டியின் இடது மூலை கொஞ்சம் நசுங்கியிருக்கும், நான் வரும்போதெல்லாம் பார்த்த பெட்டி. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி டொலரின் விலையைப் பிடித்துவைப்பதை விட்டது, 200 ரூபா அளவில் இருந்த டொலர் நாளுக்கு நாள் ஏறியது. அடுத்த கிழமை வந்து கேட்டேன், 245,000 என்றார்கள். அதே நசுங்கிய மூலை, அதே பெட்டி. டொலர் 200ஆக இருந்தபோது வந்த சாமான். "டொலர் ஏறிட்டுது, நாங்கள் என்ன செய்யிறது" என்றார்கள். நான் ஒன்றும் கதைக்கவில்லை. நாடே வரிசையில் நின்ற நேரம், கடைக்காரருக்கும் திரும்பச் சாமான் எடுக்கக் காசு வேண்டும்தானே என்று நினைத்துத் திரும்பிப் போனேன். அடுத்த சரக்கு என்ன விலைக்கு வருமோ அந்தக் கணக்கில்தான் இருக்கும் சரக்கையும் விற்பது என்பதை ஒரு முறை என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் அடுத்த சரக்கு மலிவாக வரும்போதும் அதுதான் முறை.

இப்போது ஏப்ரல். டிசம்பரில் 325 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் 300க்குக் கிட்ட வந்துவிட்டது. போன கிழமை உங்கள் கிளையில் 4070 சுப்பர் 266,000 ரூபா, சாதா 4070 236,000 ரூபா என்று எழுதிப் போட்டிருந்தீர்கள். அதாவது நான் வாங்கிய கார்டைவிட வேகமான கார்ட், நான் கொடுத்ததைவிட 2,500 ரூபா குறைவு. என்னோடு சேர்ந்து வேலை செய்யும் தம்பி ஒருவர் அந்தச் சுப்பரைத்தான் வாங்கியிருக்கிறார், அவருக்கு நல்லது. நான் அம்மாவுக்குச் சீட்டுக்காசு இன்னும் கட்டி முடிக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நான் கொடுத்த காசுக்கும் இந்த 236,000க்கும் இடையில் 32,500 ரூபா வித்தியாசம் இருக்கிறது, அதில் ரூபா பலமானதால் இறங்கிய பங்கை நான் கேட்கவில்லை, அது உங்கள் கையிலும் இல்லை. என்விடியாவே அறிவித்துக் குறைத்த 50 டொலருக்கு அன்றைய கணக்கில் வரும் 16,250 ரூபாவைத் தாருங்கள். காசாகத் தராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் கடையில் சாமான் எடுக்கக்கூடிய மாதிரி எழுதித் தந்தாலும் போதும், எனக்கு ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் தேவை இருக்கிறது. அதுவும் முடியாது என்றால் கார்டை நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு மேலதிகக் காசுக்குச் சுப்பரைத் தாருங்கள்.

காசைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. புது மொடல் பற்றி யாரும் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லும்படி உங்கள் கிளைகளுக்கு எழுதி அனுப்புங்கள். என்னிடம் பேசிய அந்தப் பையனை வேலையால் நிற்பாட்டவேண்டாம். வருச முடிவுக்குள் ஸ்டாக்கை முடிக்கச் சொல்லி அவருக்கு மேலே இருந்து சொல்லியிருப்பார்கள், அவர் தன் பாட்டில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. 5000 சீரிஸும் ஒருநாள் வரத்தான் போகிறது, அதற்கு முந்தின மாதம் யாழ்ப்பாணத்தில் எத்தனை பெடியள் ஏஎல் பரீட்சை முடித்துவிட்டுத் தகப்பனின் காசோடு உங்கள் ஷோகேஸுக்கு முன்னால் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன், சித்திரை வருசப்பிறப்பு விடுமுறை வருவதால் ஏப்ரல் 22 வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் பில்லின் பிரதியோடும் ஜனவரி 10ஆம் திகதி உங்கள் பக்கத்தில் வந்த முற்பதிவுப் படத்தோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். இரண்டையும் இந்தக் கடிதத்துடனும் இணைத்திருக்கிறேன். என் போன் நம்பர் பில்லில் இருக்கிறது, பகலில் கலியாண வீட்டில் நின்றால் எடுக்க முடியாமல் போகலாம், இரவு எட்டு மணிக்குப் பிறகு எப்போதும் எடுப்பேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணக் கிளையின் வாடிக்கையாளன்