காஸ் ஹீற் பம்ப் வரும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஸில் ஓடும் ஹீற் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வீடுகளுக்கு வரப்போகிறது, வந்தால் பொயிலர் கவலை தீர்ந்தது என்ற தொனியில் கடந்த இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் லண்டனில் ஹரோ பக்கம் காஸ் எஞ்சினியராக வேலை செய்கிறேன். "அப்படியென்றால் இந்தப் பழைய பொயிலரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோமே" என்று வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த இயந்திரம் நன்றாக வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உள்ளே அமோனியா கலந்த தண்ணீர் இருக்கும். காஸ் பர்னர் அதைச் சூடாக்க, அமோனியா ஆவியாகிப் பிரிந்து, ரேடியேற்றர் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்து திரவமாகி, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் கரையும். ஒரு யூனிற் (ஒரு கிலோவாற் மணி) காஸ் எரித்தால் ஏறத்தாழ 1.4 யூனிற் வெப்பம் கிடைக்கும். புகையோடு போகும் வெப்பத்தையும் பிடிக்கும் நல்ல கண்டென்சிங் பொயிலரில் 0.9 தான். இத்தாலியின் ரோபூர் நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து விற்கிறது.

இயக்கும் செலவிலும் கட்டுரையாளர் சொன்னது சரிதான். அண்மைக் காலமாக இங்கே காஸ் யூனிற் 6 பென்ஸ் அளவிலும் மின்சாரம் 25 பென்ஸ் அளவிலும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு யூனிற் வெப்பத்துக்குப் பொயிலரில் 6.7 பென்ஸ், காஸ் ஹீற் பம்பில் 4.3 பென்ஸ். எடுக்கும் மின்சாரத்தைப்போல் மூன்று மடங்கு வெப்பம் தரும் மின்சார ஹீற் பம்பில் 8.3 பென்ஸ், நான்கு மடங்கு தந்தால் 6.25 பென்ஸ். இதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. எரிசக்திச் சந்தையைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் 2023இல் வைத்த கணக்குப்படி ஒரு சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிற் காஸ் எரிக்கும். பொயிலருக்குப் பதில் காஸ் ஹீற் பம்ப் பூட்டினால் அதில் நாலாயிரம் யூனிற் மிச்சம், அதாவது 240 பவுண்ஸ் அளவு. அதிலும் பம்புக்கும் விசிறிக்கும் போகும் மின்சாரத்தைக் கழிக்க வேண்டும். பொயிலரைவிடப் பல ஆயிரம் பவுண்ஸ் கூடுதலாகக் கேட்கும் ஒரு இயந்திரம் இந்த மிச்சத்தில் தன் விலையை மீட்பதற்குள் அதன் ஆயுளே முடிந்துவிடும். ஹோட்டலோ முதியோர் இல்லமோ என்றால் காஸ் பில் பல மடங்கு பெரியது, அங்கே இதே கணக்கு நன்றாக வரும்.

சந்தையும் இதைத்தான் காட்டியிருக்கிறது. ஜப்பானில் 1987 முதல் காஸ் எஞ்சினில் ஓடும் வேறு வகை ஹீற் பம்புகள் விற்பனையில் இருக்கின்றன, யன்மார், ஐசின் எல்லாம் செய்கின்றன. அவை போனது பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும்தான். அமெரிக்காவில் யோர்க் நிறுவனம் 1994இல் டிரையத்லன் என்று வீடுகளுக்கே ஒன்றைக் கொண்டுவந்தது, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. ஜெர்மனியின் வைலன்ட் 2010இல் சியோலைற் என்ற, நீராவியை உறிஞ்சும் கனிமத்தை வைத்து ஒன்றை விற்றது, அதுவும் இப்போது இல்லை. மூன்றுமே நல்ல பொறியியல். வீட்டுக்காரர் கொடுக்கக்கூடிய விலைக்கும் எளிதான சர்வீஸுக்கும் அவற்றைக் கொண்டுவர முடியவில்லை. எஞ்சின் என்றால் ஒயில் மாற்ற வேண்டும், ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும். அமோனியா என்றால் அதைக் கையாளப் பழகிய ஆள் வேண்டும். என் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் இடப் பிரச்சினை. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டைப் பாருங்கள். குசினி அலுமாரிக்குள் தொட்டி இல்லாமல் சுடுநீரும் தரும் கொம்பி பொயிலர், பின்பக்கம் குப்பைத் தொட்டி வைக்கும் ஒரு சின்ன முற்றம், பக்கத்து வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில். எழுபதுகளில் கட்டிய வீடு என்றால் தரைக்கு அடியில் பத்து மில்லிமீற்றர் செப்புக் குழாய் ஓடலாம், அதில் ஹீற் பம்புக்குப் போதுமான தண்ணீர் போகாமல் இருக்கலாம். வெளியே பெரிய பெட்டி வைக்க வேண்டும், குழாயும் ரேடியேற்றரும் மாற்ற வேண்டும் என்ற தலையிடி மின்சார ஹீற் பம்பில் இருக்கிறது என்றுதான் ஆட்கள் காஸைப் பார்க்கிறார்கள். காஸில் ஓடுவதும் வெளியே வைக்கும் பெரிய பெட்டிதான். தண்ணீரை மிதமான சூட்டில் ஓடவிட்டால்தான் அதுவும் சிக்கனமாக ஓடும். போதாததற்குப் புகைபோக்கியும் வேண்டும்.

அரசின் பணமும் வேறு பக்கம் போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதம் தொடங்கிய பொயிலர் மாற்றும் மானியம் 2023 ஒக்ரோபரில் 7,500 பவுண்ஸாக உயர்ந்தது. அது பெரும்பாலும் மின்சார ஹீற் பம்புக்குத்தான் போகிறது, காஸ் எரிப்பதற்கு அதில் இடமில்லை. 2050க்குள் பசுங்குடில் வாயுக்களின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டில் எந்த நிறுவனம் புதிய காஸ் இயந்திரத்துக்குத் தொழிற்சாலை போடும்? கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. மின்சாரம் ஆண்டுக்காண்டு சுத்தமாகிறது. பொயிலருக்குப் பதில் காஸ் ஹீற் பம்ப் பூட்டினால் கரியமில வாயு மூன்றில் ஒரு பங்கு குறையும், மிச்சம் அந்த இயந்திரம் ஓடும் காலம் முழுக்க அப்படியே வந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் ஆஸ்துமா, காலநிலை என்று பேசும் வீடுகளில் இதை நாங்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பசுமைத் திட்டங்கள் போன்ற அரசின் கொள்கைச் செலவுகளைக் காஸ் பில்லைவிட மின்சார பில்லில் கூடுதலாக ஏற்றி வைத்திருந்ததும் இந்த நாலு மடங்கு விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம். அதில் இன்னும் இருப்பதை இறக்கச் சொல்லி எம்.பி.க்கு எழுதுங்கள். அந்த வித்தியாசம் குறையக் குறைய, காஸ் ஹீற் பம்புக்கு இருக்கும் ஒரே அனுகூலமும் கரைந்துவிடும். காஸ் இணைப்பையே துண்டித்தால் ஆண்டுக்கு நூறு பவுண்ஸுக்கு மேல் நிலையான கட்டணமும் மிச்சம்.

பொயிலர் நன்றாக இருந்தால் சர்வீஸ் செய்து ஓட்டுங்கள், ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 55 பாகைக்குக் குறைத்துப் பாருங்கள். அதிலேயே எல்லா அறையும் சூடாக இருந்தால் வீடு ஹீற் பம்புக்கு ஓரளவு தயார் என்று அர்த்தம். பொயிலர் சாகும் நிலையில் என்றால் இப்போதே விலை கேளுங்கள். மானியத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை, எம்.சி.எஸ். என்ற தரச் சான்று பெற்ற, பூட்டும் நிறுவனமே விண்ணப்பித்து விலையில் கழித்துக்கொள்ளும். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு வாசகர்