முதலாளிக்கு முறுக்கு மீசை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளியான நாடக விமர்சனம், மேடையில் வந்த தோட்ட முதலாளி பார்ப்போர் பல்லைக் கடிக்கும் அளவுக்குக் கொடியவராக அமைந்ததைப் பாராட்டியிருந்தது. அந்தப் பாராட்டில்தான் எனக்கு உடன்பாடில்லை. முறுக்கு மீசையும் பிரம்புமாக வந்து, தொழிலாளரை வைது, கடைசிக் காட்சியில் மனம் திருந்தி அழும் முதலாளியை, கோயில் திருவிழா நாடகம் தொட்டுப் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி வரை நாம் பார்த்து வருகிறோம். தீமை முழுவதையும் ஒருவருடைய குணத்தில் ஏற்றிவிட்டால், நல்ல துரை ஒருவர் வந்தால் போதும் என்ற எண்ணத்துடனேயே சனங்கள் வீடு திரும்புவர்; கூலியைத் தீர்மானிக்கும் முறை மேடைக்கு வருவதேயில்லை.

ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதி, 1945இல் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதலாக மேடையேறிய 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தின் ஆலை முதலாளி ஆர்தர் பேர்லிங், அடாவடிக்காரர் அல்லர். 1912இல் தம் மகளின் நிச்சயதார்த்த விருந்தில் மகிழ்ந்திருக்கும் தந்தை. ஆனால் சம்பந்தியாகப் போகிறவர் போட்டி நிறுவனத்தின் அதிபர் என்பதால், இனி இரு நிறுவனங்களும் சேர்ந்து செலவைக் குறைத்து விலையைக் கூட்டலாம் என்ற ஆசை, பெற்ற மகளை வாழ்த்தும் அந்தப் பேச்சிலேயே வெளிவந்துவிடுகிறது. வாரத்துக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் பெற்ற பெண்கள் 25 ஷில்லிங் கேட்டபோது மறுத்தவர், வேலைநிறுத்தம் தோற்றதும் முன்னின்றவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர்களுள் ஒருத்தி இறந்துவிட்டாள் என்று பொலிஸ் அதிகாரியாக விசாரிக்க வந்தவர் சொன்ன பிறகும், கூலிச் செலவைக் கூடவிடாமல் பார்ப்பது தம் கடமை என்றே பதிலளிக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தின்படி அது கடமைதான்.

போர் வராது, டைட்டானிக் மூழ்காது என்றெல்லாம் அவரைப் பேசவைத்தது சற்று மலிவான உத்தி என்பேன். வந்தவர் உண்மையான அதிகாரி அல்லர் என்று தெரிந்ததும் அவர் நிம்மதியாகச் சிரிப்பது அதைவிடக் கூரியது. அந்தப் பெண்ணை வேலைநீக்கியதாக அவரே ஒப்புக்கொண்டது அப்படியே இருக்க, கைநழுவ இருந்த 'சேர்' பட்டம் தப்பியது என்ற ஆறுதலே அவருக்குப் பெரிதாகிறது.

இதற்கு ஒப்பான கருப்பொருள் நம்மிடம் இல்லாமலில்லை. 2021இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக அரச வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உற்பத்திச் செலவு, உற்பத்தித்திறன், சந்தை விலை என்று கம்பனித் தரப்பு வழமையாக அடுக்கும் காரணங்களில் ஒரு வசவுச் சொல்லும் கிடையாது. அவற்றைப் பணிவான குரலில் ஒருவர் விளக்கிக்கொண்டிருக்க, மேடையின் மறுபுறம் தேயிலைக் கொழுந்து நிறுக்கப்பட்டு, நிறை குறைந்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் காட்சியை எழுதக்கூடிய இளைஞர் இங்கே இருக்கின்றனர். உங்கள் விமர்சகர் நடிகரின் உறுமலைப் புகழ்வதை விட்டு, இத்தகைய பிரதிகளைக் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹட்டன்.